பேன் செத்தது போலிருந்து பத்து நாளில் திரும்புவது ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எட்டு வயதுப் பெண், இடுப்பு வரை முடி, பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பேன். வேப்பெண்ணெயை மூன்று தடவை தேய்த்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தலை சுத்தமானது போல இருந்து, பத்து நாளில் மறுபடி சொறிய ஆரம்பிக்கிறாள். மாமியார் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசச் சொல்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பையனும் இருக்கிறான். "கடை மருந்து வேண்டாம், இதைவிடக் காரமான வீட்டு மருந்து எது?" என்று முடித்திருக்கிறீர்கள். கேட்டது மருந்தின் காரத்தைப் பற்றி. ஆனால் உங்கள் சிக்கலுக்கு விடை நீங்களே எழுதிய "பத்து நாள்" என்ற கணக்கில் இருக்கிறது. அதனால் மருந்தைப் பிறகு பார்ப்போம், முதலில் நாள் கணக்கு.

பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்து ஈர் வரை இடும். ஒவ்வொரு ஈரையும் தலைத்தோலை ஒட்டியே, முடியின் அடியில், பசை போன்ற ஒரு புரதத்தால் ஒட்டவைக்கும். தலையின் சூட்டில் அது ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் இட இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள் ஆகும். வளர்ந்த பேன் தலையில் ஏறக்குறைய ஒரு மாதம் உயிரோடிருக்கும். நீங்கள் வேப்பெண்ணெய் தேய்த்த அன்று நடமாடிக்கொண்டிருந்த பேன்களில் கொஞ்சம் செத்திருக்கும், கொஞ்சம் சீப்பில் வந்திருக்கும். ஈர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஓட்டுக்குள் இருக்கும் கருவுக்கு முதல் சில நாள் நரம்பு மண்டலமே இல்லை. நரம்பைத் தாக்கும் கடை மருந்துகள்கூட இளம் ஈரிடம் தோற்பது இதனால்தான். ஆக, பத்து நாளில் புதுப் பேன் எங்கிருந்தோ வந்ததாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் அது அதே தலையில் விட்டுவைத்த ஈர் பொரித்த குஞ்சு. எவ்வளவு காரமான மருந்தை எடுத்தாலும் ஒரே தடவையோடு நிறுத்தினால் கதை இப்படித்தான் முடியும்.

எந்த ஈர் உயிருள்ளது என்று பார்க்கத் தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தலைத்தோலை ஒட்டி அரை சென்டிமீட்டருக்குள், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும், பழுப்பாக, பளபளப்பாக இருப்பது உயிருள்ள ஈராக இருக்கலாம். தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் ஓடு. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து தேய்ப்பவர்கள் நிறையப் பேர். பொடுகு விரலால் தள்ளினால் முடியில் வழுக்கிக்கொண்டு வரும், ஈர் நகராது. மருந்து தேவையா என்று முடிவு செய்ய ஒரே அடையாளம், உயிரோடு ஓடும் பேன் கண்ணில் படுவது. அரிப்பை நம்பி முடிவெடுக்கக்கூடாது. அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. முதல் தடவை பேன் பிடித்தால் அரிப்பு தெரியவே நாலைந்து வாரம் ஆகலாம், பேன் முழுக்கப் போன பிறகும் இரண்டொரு வாரம் நீடிக்கலாம்.

இனி வீட்டு வைத்தியம். செலவில்லாதது, ஆபத்தில்லாதது, ஆய்வில் சோதிக்கப்பட்டது என்ற மூன்றும் சேர்ந்த ஒன்று நம் பாட்டிகள் கையில் எப்போதும் இருந்தது: சீப்பு. ஈரத் தலையை வழுவழுப்பாக்கிப் பேன் சீப்பால் முறையாக வாருவது. பிரிட்டனில் இதை இரண்டு தடவை கடை மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான சோதனையில் மாலத்தியான் மருந்து 78 சதவீதம் பேரையும் சீப்பு 38 சதவீதம் பேரையும் குணமாக்கியது. 2005-இல் வந்த இன்னொரு சோதனையில் சீப்பு 57 சதவீதம், கடையில் வாங்கிய பூச்சிமருந்து வெறும் 13 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் பேன்கள் மருந்துக்குப் பழகியது ஒரு காரணம், சோதனை நடத்திய விதமும் சீப்பும் வேறாக இருந்தது இன்னொரு காரணம். எது முக்கியக் காரணம் என்பதில் இன்னும் வாதம் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது, சீப்பு நூற்றுக்கு நூறு தராது, ஆனால் வாருகிற கைக்குத் தகுந்த பலன் தரும். அதனால் கையை எப்படி வைத்துக்கொள்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீப்பின் பற்களுக்கிடையே உள்ள இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வளர்ந்த பேன் எள்ளளவு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். அன்று பொரித்த குஞ்சோ ஒரு மில்லிமீட்டர்தான். பிளாஸ்டிக் பேன் சீப்பின் பற்கள் அடர்ந்த முடியில் வளைந்துகொடுத்துக் குஞ்சை விட்டுவிடும். ஸ்டீல் பற்கள் வைத்த நீளமான சீப்பு மருந்துக்கடையில் கிடைக்கும். பழைய இருபக்க மரச்சீப்பும் பல் உடையாமல் இருந்தால் மோசமில்லை. முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். தலையை நனைத்து, கண்டிஷனரை வழக்கத்தைவிட மூன்று மடங்கு, வேர் முதல் நுனி வரை வழியும்படி தடவுங்கள். இடுப்பளவு முடிக்கு ஐம்பது மில்லி வரை பிடிக்கும். கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய் போதும், அப்போது முடி காய்ந்திருக்கலாம். இரண்டுமே பேனைக் கொல்வதற்காகப் பூசுவதில்லை. வழுக்கலில் பேன் சட்டென்று ஓட முடியாது, சீப்பும் முடியை இழுக்காமல் போகும், பிள்ளையும் உட்காரும்.

வெளிச்சத்தில், முடிந்தால் பகல் வெயில் விழும் இடத்தில், பிள்ளையை முதுகு காட்டி உட்காரவையுங்கள். முடியை நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, பிடரியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு சீப்பின் அகலத்தைவிடக் குறைவான கற்றை. பற்கள் தலைத்தோலைத் தொடும்படி வைத்து நுனி வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியிலோ டிஷ்யூவிலோ துடைத்துப் பாருங்கள். நிறையப் பேர் பத்து இழுப்புக்கு ஒரு தடவை துடைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பல்லிடுக்கில் இருக்கும் பேன் அடுத்த கற்றைக்கு நடந்து போய்விடும். ஒரே கற்றையை மேலிருந்து ஒரு தடவை, அடிப்பக்கத்திலிருந்து ஒரு தடவை. முழுத் தலையும் முடிந்ததும் அலசிவிட்டு, ஈரத்தோடு இன்னொரு சுற்று. உங்கள் பெண்ணின் முடி நீளத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரத்தில் இருபது நிமிடத்தில் முடித்தால் செய்யாததற்குச் சமம்.

இதை முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று நான்கு தடவை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், அந்த வாரம் வெள்ளி. முதல் நாளில் ஓடுகிற பேன்கள் போகும். அதன் பிறகு பொரிக்கிற குஞ்சுகள் வளர்ந்து ஈர் இடும் முன்பே இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரலில் மாட்டிக்கொள்ளும். பதினேழாம் நாள் ஒரு தடவை வாரிப் பாருங்கள். ஒரு குஞ்சுகூட இல்லையென்றால் முடிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் கணக்கை அங்கிருந்து நீட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரிய பேன், முழு வளர்ச்சி அடைந்தது, ஐந்தாம் நாளுக்குப் பிறகு கிடைத்தால் ஒன்று முதல் நாள் வாரல் சரியில்லை, இல்லையென்றால் யாரோ ஒருவர் தலையிலிருந்து புதிதாக வந்திருக்கிறது. அப்போது மறுபடி ஒன்றாம் நாள்.

ஈரை உருவி எடுப்பது கட்டாயம் இல்லை, எடுத்தால் வேலை குறையும். வினிகர் பசையைக் கரைத்துவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். 2004-இல் அமெரிக்காவில் ஆறு வீட்டு வைத்தியங்களை, அதாவது வினிகர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஆலிவ் எண்ணெய், மயோனைஸ், உருக்கிய வெண்ணெய், வாஸலைன் ஆகியவற்றைச் சோதித்தார்கள். வினிகரால் பயனில்லை. குறிப்பிடும்படி பேனைக் கொன்றது வாஸலைன் மட்டும். ஆனால் அதைத் தலையிலிருந்து கழுவி எடுப்பது பேனைவிடப் பெரிய தொல்லை, இடுப்பளவு முடிக்கு நினைத்தும் பார்க்காதீர்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொன்று, பேனைத் தண்ணீரில் மணிக்கணக்காக மூழ்கடித்தாலும் சாகாது. மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும், வெளியே எடுத்தால் எழுந்து நடக்கும். எண்ணெய் பூசிய அரைமணி நேரத்தில் "எல்லாம் செத்துவிட்டது" என்று தோன்றுவதும் பெரும்பாலும் இந்த மயக்கம்தான். சாதாரண எண்ணெய் வைப்பதானால் இரவு முழுக்க, எட்டு மணி நேரமாவது இருக்கட்டும், காலையில் உடனே சீப்பு. தலையில் பிளாஸ்டிக் பை கட்டித் தூங்கவைக்கும் பழக்கம் வேண்டாம், பிள்ளைகளுக்கு மூச்சுமுட்டும் ஆபத்து. பழைய துண்டு போதும்.

வேப்பெண்ணெயை நான் ஒதுக்கமாட்டேன். வேப்பங்கொட்டைச் சாறு கலந்த ஷாம்பூக்களை எகிப்தில் குழந்தைகளிடம் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவை அளவு கட்டுப்படுத்தித் தயாரித்தவை. நாட்டுமருந்துக் கடையில் அளந்து தரும் எண்ணெய் ஒவ்வொரு புட்டியும் ஒவ்வொரு மாதிரி. அதனால் வேப்பெண்ணெய் பேனை அடக்கும் என்பது நம்பத்தகுந்தது, ஒரு பூச்சில் ஈரோடு அழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயன்படுத்துவதென்றால் ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்கு நாலு பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, தலையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துச் சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசிச் சீப்பால் வாருங்கள். இதில் உங்கள் பையனுக்காக ஒரு எச்சரிக்கை. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும். மலேசியாவில் மருந்தென்று வேப்பெண்ணெய் புகட்டிய குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் ஏற்பட்டது 1981-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. புட்டி அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அவனுக்குப் பேன் இருந்தால் சீப்பு மட்டும், வேறெதுவும் வேண்டாம்.

சீத்தாப்பழ விதைக்கு வருகிறேன். உங்கள் மாமியார் சொல்வது பொய்யில்லை. அந்த விதையில் பேனைக் கொல்லும் சத்து உண்டு, தாய்லாந்தில் அதைக் களிம்பாகச் செய்தே சோதித்திருக்கிறார்கள். வீட்டில் அதை அரைத்துப் பூசுவதில் சிக்கல் கண். விதைத்தூள் துளி கண்ணில் பட்டாலும் கருவிழியின் மேல்தோல் உரிந்துபோகும். பேனுக்குப் பூசப்போய்க் கண்ணில் பட்டு வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பூசும்போது கவனமாக இருந்துவிடலாம், தலையை அலசும்போது தண்ணீரோடு வழிந்து வருவதை எட்டு வயதுப் பிள்ளை எப்படித் தடுக்கும்? பெரும்பாலும் விபத்து அங்கேதான். எனவே வேண்டாம். ஏற்கெனவே பூசிக் கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல், ஓடுகிற நல்ல தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்ணெண்ணெய் பேனைக் கொல்லும். தோலைப் புண்ணாக்கும், அடுப்பங்கரையில் தீப்பிடிக்கும், வாய்க்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். பூச்சிமருந்து, எறும்புப் பொடி தலையில் போடவே கூடாது, தோல் வழியாகவே விஷம் ஏறும். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துப் பூசுவது பாதகமில்லாதது போலத் தோன்றும். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தை விழுங்கினால் ஒரு கிராம் அளவே வலிப்பை வரவழைக்கக்கூடும். இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கிண்ணம் தரையில் இருக்கக்கூடாது. அந்துருண்டையும் அப்படியே, சில பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூண்டு, வெங்காயச் சாறு, எலுமிச்சை மூன்றும் சொறிந்த தலையில் எரியும், பூண்டை அரைத்து நேரம் வைத்தால் கொப்புளமே வரும். பலன் சந்தேகம். துளசியைத் தலையணைக்கடியில் வைப்பதும் சாம்பிராணிப் புகையும் வாசனைக்கு நல்லது. மொட்டை போட்டால் பேன் நிச்சயமாகப் போகும், ஈர் ஒட்டப் பிடிமானமே இருக்காது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பாக்கியிருந்தால் இதுதான் சமயம். பேனுக்காக மட்டும் எட்டு வயதுப் பெண்ணை மொட்டை அடிப்பது தேவையில்லாத தண்டனை.

கடை மருந்து வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் விருப்பம். ஆனால் சீத்தாப்பழ விதைக்குத் தயாராக இருந்துகொண்டு ஒரு சதவீத பெர்மெத்ரின் என்ற கடை மருந்துக்குப் பயப்படுவதில் கணக்கு சரியில்லை. முறையாகப் போட்டால் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கே அனுமதிக்கப்பட்ட மருந்து அது. நம் ஊரில் அது தோற்பதற்குப் பெரிய காரணம் எண்ணெய்த் தலையில் பூசுவது. முதலில் கண்டிஷனர் இல்லாத ஷாம்பூவால் எண்ணெய் போக அலசி, துண்டால் நன்கு ஒற்றி, லேசான ஈரத்தில் வேர் வரை மருந்து படும்படி தடவி, பத்து நிமிடம் கழித்துத் தலையை முன்னால் குனியவைத்து அலச வேண்டும். சொட்டச் சொட்ட ஈரமிருந்தால் மருந்து நீர்த்துப்போகும். கண்டிஷனர் போட்டிருந்தால் மருந்து முடியில் பிடிக்காது. பிறகு இரண்டு நாள் ஷாம்பூ வேண்டாம். ஒன்பதாம் நாள் மறுபடி ஒரு தடவை, இதையும் முதல் தடவையோடு நிறுத்துகிறவர்களே அதிகம். மருந்து போட்டு எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் பேன் சுறுசுறுப்பாக ஓடினால் அது அந்த மருந்துக்குப் பழகிய பேன். அதையே திரும்பத் திரும்பப் போடாமல் டாக்டரிடம் கேட்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும். டைமெத்திகோன் போன்றவை பேனைப் பூசி மூடிக் கொல்பவை, பழகிப்போகும் பிரச்சினை இல்லை. ஆனால் சில வகை எளிதில் தீப்பற்றும், தலையில் இருக்கும்போது அடுப்பருகே போகக்கூடாது. ஐவர்மெக்டின் மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுக்காமல் வாங்காதீர்கள். பதினைந்து கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது.

முதல் வாரல் அன்றைக்கே வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள், குறிப்பாகப் பெண்ணோடு ஒரே பாயில் படுப்பவர் யாரோ அவருடையதை. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை உரசும்போது நடந்து போகும், அவ்வளவுதான். உயிருள்ள பேன் கண்டவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் வாரல் தொடங்க வேண்டும், இல்லாதவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை. தலையைவிட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளுக்குள் பட்டினியில் செத்துவிடும். ஆகவே வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றைக் கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள். சீப்புகளை வெந்நீரில் பத்து நிமிடம் போடுங்கள். மெத்தையில் பூச்சிமருந்து அடிப்பது வீண், கெடுதலும்கூட. பள்ளிக்குப் பின்னி ரிப்பன் கட்டி அனுப்புங்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மாவிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அழுக்கால் பேன் வருவதில்லை, சுத்தமான தலையிலும் அதே சுகமாகத்தான் குடியிருக்கும். இதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவேண்டியதில்லை என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத நிலை சில உண்டு. சொறிந்த இடத்தில் சீழ் கட்டி முடி ஒட்டிக்கொண்டிருந்தால், காய்ச்சலோடு பிடரியில் நெறி கட்டி வலித்தால், இமை மயிரில் ஈர் தெரிந்தால், முறையாக நாலு வாரலும் முடித்த பிறகும் பெரிய பேன் வந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நெறி மட்டும் சிறிதாக, வலியில்லாமல் இருந்தால் பேன் போனதும் சில வாரத்தில் அதுவே வற்றும்.

மாமியாரிடம் மறுத்துப் பேசுவது எப்படி என்பதும் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. விதையை மறுத்துவிட்டு, சீப்பை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பேன் பார்ப்பதில் அந்தத் தலைமுறைக்கு இருக்கும் பொறுமை நமக்கு இல்லை, முக்கால் மணி நேரம் அவரால்தான் உட்கார முடியும். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், குஞ்சுப் பேன் வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும். வாரி முடித்ததும் அவர் தலையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.